40 கொடுக்கிறார்கள், நியாயம் 43: பாக்கரா சைடு பெட் கேள்வி–பதில்

சென்ற இதழில் பாக்கரா என்ற கேசினோ சீட்டாட்டம் பற்றி ஒரு சிறு பதில் வெளியானது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் முக்கால்வாசி சைடு பெட், அதாவது பெரிய பந்தயத்தோடு கூடுதலாக வைக்கும் பந்தயத்தைப் பற்றியவை. அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. 8 கட்டு, அதாவது 416 சீட்டுகள், ‘ஷூ’ என்ற பெட்டிக்குள் இருக்கும். பிளேயர், பேங்கர் என்று இரண்டு பக்கம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சீட்டு. ஏஸுக்கு மதிப்பு 1; 10, ஜாக்கி, ராணி, ராஜா பூஜ்யம். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம்தான் கணக்கு. 9-க்கு எது நெருக்கமோ அது ஜெயிக்கும். இரண்டும் சமமானால் ‘டை’. ஒரு பக்கத்தின் முதல் இரண்டு சீட்டும் ஒரே இனமாக வந்தால் ‘பேர்’, அதாவது ஜோடி. இரண்டே சீட்டில் 8 அல்லது 9 வந்தால் அது ‘நேச்சுரல்’, ஆட்டம் அங்கேயே முடியும். இல்லையென்றால், மூன்றாம் சீட்டு எப்போது எடுப்பது என்பதற்கு மாறாத விதி உண்டு. நீங்களோ டீலரோ முடிவெடுக்க அதில் ஒன்றும் இல்லை.

கேள்வி: டைக்கு 8 மடங்கு, பேருக்கு 11 மடங்கு தருகிறார்கள். பேங்கரில் வைத்தால் ஒரு மடங்கு, அதிலும் 5 சதவீதம் கமிஷன். பெரிதாகத் தருகிற பக்கம் வைப்பதுதானே புத்திசாலித்தனம்? (வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்)

எத்தனை மடங்கு தருகிறார்கள் என்பது பாதிக் கணக்குதான். எத்தனை மடங்கு தந்திருக்க வேண்டும் என்பது மீதிப் பாதி. பிளேயர் பேரைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். முதல் சீட்டு எதுவாகவும் இருக்கட்டும். மீதி 415 சீட்டில் அதே இனம் 31 இருக்கும். ஆக 415 முறைக்கு 31 முறை ஜோடி. தடவைக்கு 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வைத்தால், ஜெயித்த 31 முறையில் 3,410 வெள்ளி வருகிறது. தோற்ற 384 முறையில் 3,840 போகிறது. மொத்தம் போட்டது 4,150. நிகர நஷ்டம் 430. நூற்றுக்கு 10.36 வெள்ளி பிடித்தம். 11-க்குப் பதில் 12.39 மடங்கு தந்திருந்தால் சரிக்குச் சரியாக இருந்திருக்கும்.

டை நூற்றுக்கு 9.52 முறை வருகிறது. நியாய விலை 9.51 மடங்கு, தருவது 8. பிடித்தம் 14.36. அதே டைக்கு 9 மடங்கு தரும் மேசையும் சில இடங்களில் உண்டு. அங்கே பிடித்தம் 4.84-க்கு இறங்கிவிடும். ஒரே ஒரு மடங்குதான் வித்தியாசம், பிடித்தமோ மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. நீங்கள் ‘அதிலும் கமிஷன்’ என்று குறைப்பட்டுக்கொண்ட பேங்கரில், அந்தக் கமிஷனையும் சேர்த்தே பிடித்தம் 1.06-தான். பிளேயரில் 1.24.

வேகமான மேசையில் மணிக்கு 70 ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். பேங்கரில் தடவைக்கு 25 வெள்ளி வைப்பவருக்குச் சராசரியாக மணிக்கு 18, 19 வெள்ளி செலவு. கூடவே ‘சும்மா ஒரு பத்து’ என்று பேரில் வைத்தால் அதற்கு மட்டும் 72 வெள்ளி. சின்னப் பந்தயம் பெரிய பந்தயத்தைப் போல நாலு மடங்கு தின்கிறது.

கேள்வி: ராஜாவும் ராணியும் வந்தது. இரண்டுக்கும் மதிப்பு பூஜ்யம்தானே, ஏன் பேர் பணம் தரவில்லை? (வாசகர், கிள்ளான்)

பேருக்கு மதிப்பு கணக்கில்லை, இனம்தான் கணக்கு. ராஜா–ராஜா ஜோடி, ராஜா–ராணி ஜோடி இல்லை. பூ வேறாக இருந்தாலும் பரவாயில்லை. பூவும் சேர்ந்து பொருந்தினால்தான் பணம் என்பது ‘பெர்ஃபெக்ட் பேர்’ என்ற வேறு பந்தயக் கட்டம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில மேசைகளில் 6 கட்டுதான் இருக்கும். அங்கே ஜோடி வாய்ப்பு 311-க்கு 23. அதே 11 மடங்கில் பிடித்தம் 11.25-க்கு ஏறிவிடுகிறது. கட்டு குறையக் குறைய ஜோடி அரிதாகும். பேங்கர், பிளேயர் பந்தயங்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

கேள்வி: நான் 15 ஆட்டம் டை வராமல் இருக்கும் வரைக்கும் காத்திருந்து, பிறகுதான் டையில் போடத் தொடங்குவேன். வராவிட்டால் போட்ட காசு திரும்பி வருகிற அளவுக்குக் கூட்டிக்கொண்டே போவேன். 30 ஆட்டத்துக்குள்ளே எப்படியும் ஒரு டை விழும்தானே? இதில் என்ன பிழை? (வாசகர், வெள்ளவத்தை, கொழும்பு)

இரண்டு பிழை. முதலாவது அந்தக் காத்திருப்பு. டை வராமல் போன 15 ஆட்டங்கள் ஷூவுக்குள் எதையும் சேமித்து வைப்பதில்லை. அடுத்த ஆட்டத்தில் டை வர வாய்ப்பு, முதல் ஆட்டத்தில் இருந்த அதே 9.5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். காத்திருந்த நேரத்தில் காசு போடாமல் இருந்தீர்களே, அது ஒன்றுதான் ஆதாயம்.

இரண்டாவது, கூட்டிக்கொண்டே போகும் ஏணி. உங்கள் முறையை 10-இன் மடங்குகளில் போட்டுப் பார்த்தோம். எப்போது ஜெயித்தாலும் குறைந்தது 10 லாபம் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் 8 ஆட்டம் பத்துப் பத்தாகப் போடலாம். 9 முதல் 12 வரை 20. 13 முதல் 15 வரை 30. அதன் பிறகு ஏணி செங்குத்தாகிறது: 20-ஆவது ஆட்டத்தில் 60, 24-இல் 100, 27-இல் 140, 30-இல் 200. முப்பதும் தோற்றால் மொத்தம் போனது 1,740.

30 ஆட்டம் தொடர்ந்து டை வராமல் போக வாய்ப்பு 5 சதவீதம். அதாவது இந்த ஏணியில் 20 முறை ஏறினால் சராசரியாக ஒரு முறை உச்சியிலிருந்து விழுவீர்கள். மற்ற 19 முறை கிடைப்பது என்ன? ஏணியின் எந்தப் படியில் ஜெயித்தாலும் லாபம் 10-இலிருந்து 80-க்குள்தான். 19 முறையும் அதிகபட்சமான 80-ஏ கிடைத்ததாக வைத்துக்கொண்டால்கூட 1,520. ஒரு விழுகை 1,740.

ஏணியை 40 வரை நீட்டலாமே என்பீர்கள். 40-ஆவது படியில் 640 போட வேண்டும், அதுவரை போனது 5,100 ஆகியிருக்கும். அதற்கு முன்பே பல மேசைகளில் டைக்கான உச்சவரம்பு குறுக்கே வந்துவிடும். டைக்கு வரம்பு பெரும்பாலும் பேங்கர், பிளேயர் வரம்பை விடக் குறைவாகத்தான் இருக்கும், பலகையில் சின்ன எழுத்தில். எந்த ஏணியாக இருந்தாலும் போட்ட மொத்தக் காசில் நூற்றுக்கு 14.36 போகும். ஏணி செய்வதெல்லாம், அந்த நஷ்டத்தைப் பல நாள் ஒளித்து வைத்து ஒரே நாளில் கொடுப்பதுதான்.

கேள்வி: ஆட்ட முடிவுகளைக் காட்டும் பலகையில் சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளி அடுத்தடுத்து வந்தால் பேர் ‘சூடாக’ இருக்கிறது என்கிறார்களே? (வாசகர், பினாங்கு)

சிவப்புப் புள்ளி பேங்கர் பேர் வந்ததன் பதிவு, நீலப் புள்ளி பிளேயர் பேர் வந்ததன் பதிவு. பதிவு நேற்றைய மழைக்கணக்கு மாதிரி. இரண்டு 6 போய்விட்டால் இனி இன்னொரு 6 ஜோடிக்கு வாய்ப்பு ஒரு மயிரிழை குறைகிறதே தவிரக் கூடுவதில்லை. பலகைக்கு வேறொரு நல்ல உபயோகம் இருக்கிறது, கீழே சீட்டு எண்ணுவது பற்றிய பதிலில் வருகிறது.

கேள்வி: கமிஷன் இல்லாத மேசையில் பேங்கர் 6-இல் ஜெயித்தால் பாதிதான் தருகிறார்கள். அந்த நஷ்டத்தை ஈடுகட்ட ‘சூப்பர் 6’ கட்டத்தில் கொஞ்சம் போட்டு வைக்கிறேன். காப்பீடு மாதிரி. சரிதானே? (வாசகர், செங்காங், சிங்கப்பூர்)

காப்பீடு என்றால் பிரீமியம் என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். பேங்கர் 6-இல் ஜெயிப்பது நூற்றுக்கு 5.39 முறை. நியாய விலை 17.57 மடங்கு, சூப்பர் 6 தருவது 12. பிடித்தம் நூற்றுக்கு 29.98. இந்த இதழில் பேசப்படும் பந்தயங்களிலேயே இதுதான் மோசமானது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது.

பேங்கரில் 100 வெள்ளி வைக்கிறீர்கள். 6-இல் ஜெயித்தால் 50 குறைகிறது. அதை ஈடுகட்ட சூப்பர் 6-இல் 5 வெள்ளி போதும், 60 கிடைக்கும். இப்போது இரண்டையும் பாருங்கள். காப்பீடு இல்லாமல், 100 வெள்ளிக்கு உங்கள் சராசரி நஷ்டம் 1.46. அந்த 5 வெள்ளியின் சராசரி நஷ்டம் மட்டும் 1.50. காப்பீடு எடுத்ததும் செலவு இரட்டிப்புக்கும் மேலே போய்விட்டது. பாதிப் பணம் வாங்கும்போது வருகிற எரிச்சல்தான் இந்தக் கட்டத்தின் வியாபாரம்.

வேறு வழி எளிது. பக்கத்தில் 5 சதவீதக் கமிஷன் மேசை இருந்தால் அங்கே போங்கள், 1.46-க்குப் பதில் 1.06. இதே மேசையில்தான் உட்கார வேண்டும் என்றால் பிளேயரில் வையுங்கள், 1.24. சூப்பர் 6-க்கு 15 மடங்கு தரும் மேசை இருந்தாலும் பிடித்தம் 13.8-தான், மகிழ ஒன்றுமில்லை.

கேள்வி: இங்கே ஈசி பாக்கராவில் டிராகன் 7-க்கு 40 மடங்கு, பாண்டா 8-க்கு 25 மடங்கு. என் நண்பர் மூன்று வாரமாக டிராகனில் லாபத்தில் இருக்கிறார். அவருக்கு ஏதோ பிடிபட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். (வாசகர், சான் ஹோசே, கலிஃபோர்னியா)

முதலில் விதி. பேங்கர் மூன்று சீட்டில் 7 எடுத்து ஜெயித்தால் டிராகன் 7. பிளேயர் மூன்று சீட்டில் 8 எடுத்து ஜெயித்தால் பாண்டா 8. ஈசி பாக்கராவில் கமிஷன் கிடையாது. அதற்குப் பதில், டிராகன் 7 வந்தால் பேங்கர் பந்தயம் ஜெயிப்பும் இல்லை, தோல்வியும் இல்லை, காசு அப்படியே நிற்கும். இதனால் பேங்கரில் பிடித்தம் 1.02.

டிராகன் நூற்றுக்கு 2.25 முறை, சராசரியாக 44 ஆட்டத்துக்கு ஒன்று. நியாய விலை 43.4 மடங்கு, தருவது 40, பிடித்தம் 7.61. பாண்டா 29 ஆட்டத்துக்கு ஒன்று. நியாயம் 28, தருவது 25, பிடித்தம் 10.19. இரண்டில் டிராகன் மேல்.

நண்பரின் மூன்று வாரத்துக்கு வருவோம். அவர் 100 முறை ஒரே அளவில் டிராகனில் வைத்தார் என்று கொள்ளுங்கள். இரண்டு முறை அடித்தால் 80 வந்து 98 போகும், நஷ்டம். மூன்று முறை அடித்தால் 120 வந்து 97 போகும், லாபம். மூன்றோ அதற்கு மேலோ அடிக்க வாய்ப்பு எவ்வளவு? 39 சதவீதம். எந்த ரகசியமும் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு வைத்த பத்துப் பேரில் நாலு பேர் 100 பந்தயத்துக்குப் பின் லாபத்தோடு எழுந்து போகிறார்கள். அந்த நாலு பேர்தான் முறை கண்டுபிடித்ததாகப் பேசுகிறவர்கள். மற்ற ஆறு பேர் வாயைத் திறப்பதில்லை. 1,000 பந்தயத்துக்குப் பிறகு லாபத்தில் இருப்பவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 10,000-க்குப் பிறகு ஒன்பதில் ஒருவர் தேறுவார்.

உயர்ந்த மடங்கு தருகிற எல்லாப் பந்தயத்துக்கும் இதுதான் குணம். நஷ்டம் நிச்சயம், ஆனால் அது முகத்தைக் காட்ட ரொம்ப நாள் எடுக்கும். பேங்கரில் வைத்து ஏமாறுவதைவிட டிராகனில் ஏமாறுவது சுலபம். எதிர்ப்பக்கமும் உண்டு: ஒரு முழு ஷூ, 80 ஆட்டம், ஒரு டிராகன்கூட இல்லாமல் ஓட 16 சதவீத வாய்ப்பு. ஆறு ஷூவில் ஒன்று வெறும் ஷூ. ‘இந்த மேசையில் டிராகன் செத்துப்போச்சு’ என்று எழுந்து போவதற்கு அது காரணம் ஆகாது.

உங்கள் ஊருக்கே உரிய ஒன்று. கலிஃபோர்னியாவின் ‘கார்டு ரூம்’ எனும் சீட்டாட்டக் கூடங்களில் பந்தயத்துக்கு ஏற்ப ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் பிடிப்பது வழக்கம். 25 டாலர் பந்தயத்துக்கு 1 டாலர் என்றால் அது மட்டும் 4 சதவீதம். மேலே சொன்ன 1.02-ஐ அது விழுங்கிவிடும். பலகையில் அந்தக் கட்டண வரியை முதலில் படியுங்கள்.

கேள்வி: பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் வெளியே வந்த சீட்டுகளை எண்ணுவது போல டிராகன் 7-இல் எண்ணலாம் என்கிறார்களே. உண்மையா? படிப்படியாகச் சொல்லுங்கள். (வாசகர், சிட்னி)

உண்மை. பேங்கர், பிளேயர் என்ற பெரிய பந்தயங்களில் எண்ணி ஒன்றும் தேறாது என்பது பழைய முடிவு. டிராகன் 7 விதிவிலக்கு. எலியட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் இதற்கு ஒரு எளிய எண்ணிக்கையை வெளியிட்டார்.

8, 9 வெளியே வந்தால் ஒவ்வொன்றுக்கும் கூட்டல் 2. 4, 5, 6, 7 வந்தால் ஒவ்வொன்றுக்கும் கழித்தல் 1. மற்றதெல்லாம் பூஜ்யம். புது ஷூவில் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். உதாரணமாக, பிளேயருக்கு 9, 4. பேங்கருக்கு ராஜா, 8. கூட்டல் 2, கழித்தல் 1, பூஜ்யம், கூட்டல் 2: ஆட்டம் முடிவில் கூட்டல் 3.

ஏன் இந்தச் சீட்டுகள்? டிராகனுக்கு பேங்கர் மூன்றாம் சீட்டு எடுத்தாக வேண்டும். 8, 9 நிறைய இருந்தால் நேச்சுரல் வந்து ஆட்டம் இரண்டு சீட்டிலேயே முடிந்துவிடும். அவை தொலைந்தால் நல்லது. 4 முதல் 7 வரை உள்ள சீட்டுகள் ஷூவுக்குள் மிச்சமிருந்தால் பேங்கரை மூன்றாம் சீட்டுக்குத் தள்ளும். பிளேயர் மூன்றாம் சீட்டு எடுத்த ஆட்டத்தில் பேங்கரிடம் 5 இருந்தால், அந்தச் சீட்டு 4, 5, 6, 7 ஆக இருக்கும்போதுதான் பேங்கர் எடுக்கும். 6 இருந்தால் 6, 7-க்கு மட்டும் எடுக்கும்.

இந்த ஓட்டக் கணக்கை அப்படியே வைத்துப் பந்தயம் போடக் கூடாது. மிச்சமிருக்கும் கட்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விடை 4 அல்லது அதற்கு மேல் என்றால் மட்டும் டிராகனில் வைக்கலாம். அப்போது சாதகம் உங்கள் பக்கம். மிச்சக் கட்டைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். மேலே சொன்ன பலகை இதற்குத்தான் உதவும். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 4.94 சீட்டு போகிறது, ஐந்து என்றே வைத்துக்கொள்ளலாம். பலகையில் 60 ஆட்டம் ஓடியிருந்தால் 300 சீட்டு போயிருக்கும்; மிச்சம் 116, அதாவது 2.2 கட்டு. ஓட்டக் கணக்கு 10 என்றால் 10-ஐ 2.2-ஆல் வகுக்க 4.5. வைக்கலாம். அதே 10, 20 ஆட்டம் மட்டுமே ஓடிய ஷூவில் என்றால் மிச்சம் 6 கட்டு, விடை 1.7. தொடக் கூடாது.

எங்கே சறுக்கும்? அதிகம் நடப்பது வகுக்க மறப்பது. அடுத்தது, எரித்த சீட்டு. புது ஷூவில் டீலர் முதல் சீட்டைத் திறந்து, அதன் மதிப்புக்கு ஏற்ப அத்தனை சீட்டை முகம் காட்டாமல் ஒதுக்குவார். முகம் தெரியாத சீட்டு எதுவும் உங்கள் கணக்கில் ஷூவுக்குள் இருப்பது போலத்தான். வகுக்கும்போது அதையும் மிச்சத்தில் சேர்க்க வேண்டும். நடு ஷூவில் வந்து உட்கார்ந்தால் போன சீட்டுகளுக்கும் இதே விதி என்பதால், வாய்ப்பு கிடைப்பதற்குள் ஷூ தீர்ந்துவிடும்.

அடுத்தது கட் கார்டு, ஷூவை எங்கே நிறுத்துவது என்று காட்டும் அட்டை. இந்த முறைக்கு உயிர் ஷூவின் கடைசிப் பகுதியில்தான். அந்த வெட்டு அட்டையைக் கடைசி 14 சீட்டுக்கு முன்னால் வைத்தால் வாய்ப்பு உண்டு. ஒன்றரை, இரண்டு கட்டு மிச்சம் வைத்து நிறுத்தினால் வீடு போய்ச் சேரலாம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கலக்கித் தரும் இயந்திரம் இருந்தால் எண்ணுவதில் அர்த்தமே இல்லை.

பலர் மறக்கும் செலவு ஒன்று பாக்கி. பெரும்பாலான மேசைகளில் பெரிய பந்தயம் வைக்காமல் சைடு பெட் வைக்க முடியாது. காத்திருக்கும் ஆட்டங்களிலும் 25 டாலர் பேங்கரில் வைத்துக்கொண்டே இருந்தால் ஆட்டத்துக்கு 25 சென்ட், மணிக்கு 18 டாலர் போகிறது. டிராகன் உச்சவரம்பு சிறியதாக இருந்தால், வருகிற சொற்பச் சாதகத்தை இதுவே தின்றுவிடும். பணத்தின் ஏற்ற இறக்கமும் கடுமை: ஒரு பந்தயத்தின் திட்டவிலக்கம், அதாவது சராசரியிலிருந்து விலகும் அளவு, பந்தயத் தொகையைப் போல 6 மடங்கு. கையில் சில நூறு பந்தயத்துக்குக் காசு இல்லாமல், சாதகம் இருந்தும் மூழ்கிப் போகிறவர்கள்தான் அதிகம். இந்த எண்ணிக்கை கேசினோக்களுக்கும் தெரியும். ஷூவின் முதல் பாதியில் சும்மா இருந்து கடைசியில் மட்டும் டிராகனில் பெரிதாக வைப்பவரை மேலாளருக்கு அடையாளம் காட்ட யாரும் தேவையில்லை.

மனதால் எண்ணுவது பல இடங்களில் குற்றமல்ல. உங்களை வெளியேற்றும் உரிமை கேசினோவுக்கு இருக்கலாம். கைபேசியோ கருவியோ கொண்டு எண்ணுவது வேறு விஷயம். சிங்கப்பூர் உட்படப் பல இடங்களில் அது சட்டப்படி குற்றம். கேசினோவே தரும் பதிவுத் தாளில் பேனாவால் குறிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் டை, பேர் இவற்றையும் எண்ணலாமே? (வாசகர், கோயம்புத்தூர்)

பேருக்கு 13 இனங்களையும் தனித்தனியாக நினைவில் வைக்க வேண்டும். கணினிக்கு எளிது, மண்டைக்கு இல்லை. அப்படியே வைத்தாலும் சாதகம் வருவது ஷூவின் கடைசி ஓரத்தில், அபூர்வமாக. டையும் ஏறக்குறைய அதே கதை.

1960-களில் நெவாடாவில் ‘நேச்சுரல் 8’, ‘நேச்சுரல் 9’ என்று 9 மடங்கு தரும் சைடு பெட்டுகள் இருந்தன. பிளாக்ஜாக் எண்ணிக்கையால் பெயர் பெற்ற எட்வர்ட் தோர்ப், வில்லியம் வால்டனோடு சேர்ந்து, அவற்றை எண்ணி ஜெயிக்கலாம் என்று காட்டினார். ஷூவில் 8, 9 எத்தனை மிச்சம் என்று மட்டும் பார்த்தால் போதும். அந்தப் பந்தயங்கள் மேசையை விட்டே போயின. சைடு பெட் ஒரே ஒரு வகைச் சீட்டை அதிகம் நம்பியிருந்தால் எண்ணலாம், எல்லாச் சீட்டையும் கொஞ்சம் கொஞ்சம் நம்பியிருந்தால் முடியாது. எந்தப் புதுக் கட்டத்தைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள்.

கேள்வி: டிராகன் போனஸ் என்பது டிராகன் 7-தானா? (வாசகர், ஜொகூர் பாரு)

இல்லை, பெயர் மட்டும்தான் ஒன்று. டிராகன் போனஸில் எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தோம் என்பதற்குப் பணம். நேச்சுரலில் ஜெயித்தால் 1 மடங்கு. நேச்சுரலில் சமன் என்றால் காசு திரும்பும். மற்றபடி 4 வித்தியாசத்துக்கு 1, ஐந்துக்கு 2, ஆறுக்கு 4, ஏழுக்கு 6, எட்டுக்கு 10, ஒன்பதுக்கு 30 மடங்கு.

பிளேயர் பக்கமும் பேங்கர் பக்கமும் இதே அட்டவணைதான். பிடித்தமோ பிளேயர் பக்கம் 2.65, பேங்கர் பக்கம் 9.37. மூன்றாம் சீட்டு விதி இரண்டுக்கும் வேறு என்பதால் வருகிற வித்தியாசம். பேங்கரில் வைக்கிறவர்கள் பழக்க தோஷத்தில் போனஸையும் பேங்கர் பக்கமே வைத்துவிடுகிறார்கள். எண்ணாமல் விளையாடும் ஒருவருக்குச் சைடு பெட் ஆசை அடங்கவில்லை என்றால், இந்த இதழில் சொன்னவற்றில் மலிவானது பிளேயர் பக்க டிராகன் போனஸ்தான்.

கேள்வி: டெலிகிராமில் ஒருவர் ‘டை சிக்னல்’ அனுப்புகிறார், 90 சதவீதம் சரியாக இருக்கும் என்கிறார். ஒரு செயலியில் பணம் கட்டிச் சேரச் சொல்கிறார். (வாசகர், சென்னை)

சேராதீர்கள். அடுத்த ஆட்டத்தின் டையை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அனுப்புகிறவரின் வருமானம் உங்கள் சந்தாவும், செயலியில் சேர்த்துவிட்டதற்கான கமிஷனும். வழக்கமான வேலை இப்படித்தான்: பல குழுக்களுக்கு வெவ்வேறு சிக்னல் போகும், எந்தக் குழுவில் தற்செயலாகப் பலித்ததோ அந்தக் குழுவிடம் மட்டும் அடுத்த கட்டணம் கேட்பார்கள்.

சட்டமும் தெளிவு. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம், விளையாடுகிறவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்து, அதை நடத்துவோருக்கும் விளம்பரம் செய்வோருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுவோருக்கும் தண்டனை வைத்திருக்கிறது. அந்தச் செயலியில் ஜெயித்தது வரவில்லை என்றால் போய் முறையிட உங்களுக்கு இடமே இருக்காது.

கேள்வி: என் கணவர் வாரம் மூன்று நாள் கேசினோ போகிறார். நுழைவுக் கட்டணத்தையும் பொருட்படுத்துவதில்லை. சைடு பெட் இல்லாமல் ஆடினால் போதும் என்று சொல்லிப் பார்க்கலாமா? (வாசகி, சிங்கப்பூர்)

உங்கள் கடிதத்தில் உள்ள மற்ற விவரங்களைப் பார்க்கும்போது, அம்மா, இது பந்தயத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி கட்டணம். வாரம் மூன்று முறை என்றால் ஒரு சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே 450 வெள்ளி. பிடித்தம் குறைந்த பந்தயத்துக்கு அவர் மாறினால் கூடுதல் நேரம் உட்காருவார், அவ்வளவுதான்.

சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்திடம் (NCPG) குடும்பத்தார் மூலமான நுழைவுத் தடைக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். மனைவி என்ற முறையில் உங்களுக்கு அந்த உரிமை உண்டு. அவரே முன்வந்தால் சுயத் தடை இன்னும் சுலபம். உதவித் தொலைபேசி 1800-6-668-668. கூப்பிடும்போது கடன் விவரத்தையும் கூட்டுக் கணக்கு அறிக்கைகளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு மேசையில் டைக்கு 9 என்று எழுதியிருந்தது. நீங்கள் சொன்ன நல்ல மேசை என்று உட்கார்ந்தேன். 10 வைத்து ஜெயித்தபோது 80-தான் லாபம் நின்றது. டீலர் ஏமாற்றினாரா? (வாசகர், மெல்பர்ன்)

ஏமாற்றவில்லை. துணியில் 9-க்கும் 1-க்கும் நடுவே இருந்த சொல்லைப் பார்த்தீர்களா? ‘9 டு 1’ என்றால் வைத்த 10 போக 90 லாபம். ‘9 ஃபார் 1’ என்றால் வைத்த 10-ஐயும் சேர்த்து 90. லாபம் 80-தான், அதாவது அதே பழைய 8 மடங்கு, பிடித்தம் அதே 14.36. பேரில் ‘12 ஃபார் 1’ என்று எழுதியிருந்தால் அதுவும் 11 மடங்குதான். எழுத்து தேய்ந்திருந்தால் உட்காருவதற்கு முன் டீலரிடம் ‘பத்து வைத்து ஜெயித்தால் என் கைக்கு மொத்தம் எத்தனை வரும்?’ என்று கேளுங்கள். டைக்கு 100 என்றால் உட்காரலாம், 90 என்றால் அது நீங்கள் தேடிய மேசை இல்லை.